சிவப்புச் சோளத்தின் துவர்ப்பு

இன்று காலை அச்சரப்பாக்கம் தீவனக் கடையில் ஒரு சிவப்புச் சோள மணியைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டது. "இன்னாக்கா, கோழிக்கு முன்னாடி நீயே துன்னு பாக்குறியா?" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நினைவு வந்துவிட்டது.

செருப்புக் கம்பெனி பஸ்ஸில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போய்வந்தவர்கள் நாம். வேலையை விட்டுவிட்டு, படாளத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கினோம். தீவனம் கலப்பது என் வேலை, குஞ்சுகளைப் பார்ப்பது உன் வேலை. மக்காச்சோளம் கிடைக்காத ஒரு மாதம், உன்னிடம் சொல்லாமலே அதற்குப் பதில் சிவப்புச் சோளத்தைக் கலந்தேன். சோளம் சோளம்தானே என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் குஞ்சுகள் வளராமல் நின்றுவிட்டன. தட்டில் போட்ட தீவனம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. உடம்பில் சதை இல்லை. சிலவற்றுக்குக் கால் வளைந்தது. தினமும் இரண்டு மூன்று செத்தன. குஞ்சு வாங்க வந்தவர்கள் எதிரிலேயே உன்னைப் பார்த்துக் கத்தினேன்: "நீ ஒழுங்கா பாத்துகினு இருந்தா இப்டி ஆவுமாடி?"

அன்று செத்த குஞ்சு இரண்டையும் ஒரு பை தீவனத்தையும் எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாய்.

சாயங்காலம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "டாக்டர் சோளத்த வாயில போட்டுப் பாக்கச் சொன்னாருடி. ஒரே துவர்ப்பு. அதுல 'டானின்'னு ஒண்ணு கீதாம். தீவனத்துல கீற புரதத்த அது புடிச்சிக்குமாம், செரிக்கவே வுடாதாம். கோழி துன்னுகினுதான் கீது, ஒடம்புல சேரல."

அவ்வளவுதான். மாற்றியது ஏன் என்று நீ கேட்கவேயில்லை. அன்றே அந்தச் சோளத்தை நிறுத்தினோம். பல குஞ்சுகள் தேறின. வளைந்த கால்கள் மட்டும் நிமிரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அழுதுவிடுவேன் என்று பயந்து தள்ளிப்போட்டேன். ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உடலாகத்தான் கொண்டுவந்தார்கள்.

காரியத்தன்று உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்து சொன்னார்: "சோளத்த ரெண்டு பேரும் சேந்துதான் மாத்தினோம், அவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் அவ சொல்லிகினே இருந்தாம்மா."

எல்லார் எதிரிலும் உன்னைத் திட்டியவள் நான். நீ எல்லாரிடமும் என் தவறில் பங்கு கேட்டு வாங்கியிருக்கிறாய்.

கோழி வளர்க்க ஆசைப்படும் பெண்கள் இப்போதும் கொட்டகைக்கு வருகிறார்கள். எந்தச் சோளம் ஆகும், எது ஆகாது என்று கேட்கிறார்கள். கடித்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கதையையும் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் போனதை அவர்களிடம் சொல்லித்தான் முடிக்கிறேன்: "மாத்தினது நான் ஒருத்திதான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா."