உங்கள் பெயருக்கு ஒரு சாப்பாடு

கொட்டாஞ்சேனை
5.4.1943

ஐரீனின் அப்பாவுக்கு,

துறைமுகத்தில் குண்டு விழுந்து இன்றைக்கு ஒரு வருடம். அன்று வேலைக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. தேடிக் களைத்து, செத்தவர்களோடு உங்களையும் சேர்த்துக்கொண்டோம்.

உங்கள் ஆத்துமத்துக்காக இன்று மாதா கோயில் மண்டபத்தில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். கொடுக்கிற வீட்டார்தான் பரிமாற வேண்டும் என்பது சபை வழக்கம். நான் சோறு போட்டேன், மகள் சொதி விட்டாள்.

வரிசையில் நீங்கள் வந்தீர்கள்.

"சொதி விடட்டே, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"காணும், பிள்ளை" என்று தட்டைக் கையால் மறைத்தீர்கள்.

தாடிக்குள் அவளுக்கு முகம் தெரியவில்லை. எனக்கு அந்தக் குரலே போதுமாயிருந்தது. அடுத்தவருக்கும் சோறு போட்டேன்.

சாப்பிடுமுன் பங்குச் சுவாமி உங்கள் பெயரை வாசித்தார். எல்லோரும் பரலோக மந்திரம் சொன்னார்கள். நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல் விடாமல் சொன்னீர்கள். பிறகு சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த ஐயா ஏன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஐரீன் கேட்டாள். தெரியாது என்றேன்.

இதை மண்டபக் காவலாளியிடம் கொடுத்துவைக்கிறேன். வியாழக்கிழமையும் சாப்பாடு உண்டு. அன்றைக்கு யாருடைய பெயரும் வாசிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி