முப்பதாவது பிரதி

விழிதியூர்
14.6.2024

அல்லியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. என் அப்பா போர்வெல் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருக்கிறார். போனில் உங்கள் குரலைக் கேட்கத் தெம்பில்லை, அதனால்தான் கடிதம்.

நேற்று நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜொஹரா ஓர் ஓவியப் பத்திரிகையை நீட்டி, "அக்கா, இது உங்க வூட்டுக்காரரு போட்டதுதானே?" என்றாள். கறுப்புத் தீற்றலும் சாம்பல் கட்டமுமாக என்னமோ படம். ஒன்றும் புரியாமல் புரட்டப் போனேன். கீழ் மூலையில் ஒரு சின்னக் கை இருந்தது. கதவிடுக்கில் நசுங்கி உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல்.

என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா? எட்டு வயசில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் ஏழு மாதம் ஆகிறது. பார்த்துப் பார்த்து அழுவேன் என்று அவள் சட்டை, நோட்டு எல்லாவற்றையும் அம்மா மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிட்டாள். என்னிடம் அவளுடையது என்று ஒன்றுமே இல்லை.

அந்தப் படத்தில் ஒன்று எனக்கு வேண்டும்.

உமாமகேஸ்வரி

சென்னை
23.6.2024

அன்புள்ள உமா,

உன் எழுத்தைப் பார்த்த பிறகு உறையைப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆனது.

அவள் கைதான். போன வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு என்னிடம் வந்திருந்தாளே, அப்போது பட்டது. நீ கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெயைத் தானே தலைக்குத் தேய்த்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கல்லில் வரைந்து மை தடவிக் காகிதத்தில் ஒத்தி எடுப்பதுதான் கல்லச்சு; கல்லில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் மையைப் பிடித்துக்கொள்ளும். கை பட்டது, பதிந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

மொத்தம் முப்பது பிரதிகள்தான். முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிடுவோம், முப்பத்தொன்றாவதை யாரும் எடுக்கக் கூடாது என்று. இருபத்தொன்பது போய்விட்டன. கடைசியை ஒரு மியூசியத்துக்குச் சொல்லியாகிவிட்டது. பத்திரிகையில் வந்ததைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு அனுப்பட்டுமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

எழிலன்

விழிதியூர்
30.6.2024

அல்லியின் அப்பாவுக்கு,

பெரிதாக்கி அனுப்புகிறாராம்! கடையில் போடும் பிரிண்ட்டில் அவள் கை பட்டதா? அவள் தொட்ட கல்லில் ஒத்தி எடுத்த காகிதம்தான் வேண்டும். கல்லைத்தான் தேய்த்துவிட்டீர்களே.

அதே பத்திரிகையில் உங்கள் பேட்டியையும் படித்தேன். "அது என் பால்யத்தின் கை" என்று சொல்லியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லை? பெற்ற பிள்ளை பேரைச் சொல்ல வாய் வரவில்லையா? மியூசியத்துக்கு வேறு படம் கிடைக்கும். நான் எங்கே போவேன்?

இன்னொன்று. விரல்களெல்லாம் மங்கலாக இருக்கின்றன, மணிக்கட்டுப் பக்கம் மட்டும் அப்படிக் கறுத்திருக்கிறது. விளையாட்டாகத் தொடுகிற பிள்ளை இவ்வளவு அழுத்துவாளா? எப்படிப் பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உமாமகேஸ்வரி

சென்னை
9.7.2024

அன்புள்ள உமா,

முப்பதாவதை இத்துடன் அனுப்புகிறேன். மியூசியத்துக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். ஈரமும் வெயிலும் படாமல் வை. கையால் தொடாதே.

நீ கேட்டதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. பத்து நாள் உட்கார்ந்து வரைந்த கல் அது. அவள் நான் வரையும் மெழுகுக் குச்சியை எடுத்து மூலையில் பூப் போட ஆரம்பித்தாள். "சனியனே" என்று கத்திக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். தடுமாறி விழப்போனவள் கல்லில் கையை ஊன்றினாள். பூவைச் சுரண்டி எடுத்தேன். கையையும் எடுக்கத்தான் போனேன். பார்க்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் அந்த மூலையைத்தான் புகழ்ந்தார்கள்.

"அம்மாட்ட சொல்லாதப்பா, ஒன்ட்ட சண்ட போடும்" என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

நான் வரட்டுமா உமா? ஒரு நாள் அந்தக் கையின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். வேறொன்றும் கேட்கமாட்டேன்.

உன் எழிலன்

விழிதியூர்
20.7.2024

எழிலனுக்கு,

படம் வந்து சேர்ந்தது. என் வலது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இடது கையை வைத்ததும் பொருந்தியது. கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழுமாமே, நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவளை என் இடது பக்கத்தில், அவள் வலது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவேன்.

அடி வாங்கி ஊன்றிய கைதான். ஆனாலும் என் பிள்ளை கை. லீவு முடிந்து வந்த அன்றைக்கு, "அப்பாட்ட ஜாலியா இருந்துச்சும்மா" என்றாள். நானும் நம்பினேனே, பாவி.

தொடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் தொடுகிறேன். சமைத்த கையோடும் தொடுகிறேன்.

படத்துக்குக் கீழே பென்சிலில் 30/30 என்ற எண்ணும் உங்கள் கையெழுத்தும் இருந்தன. அந்தப் பட்டையைக் கத்தரியால் நறுக்கி இந்த உறையில் வைத்திருக்கிறேன். "அய்யோ அக்கா, அது இல்லாட்டி படத்துக்கு மதிப்பே கெடையாதே" என்று ஜொஹரா பதறினாள். இல்லாமல் போகட்டும்.

நீங்கள் வர வேண்டாம்.

உமாமகேஸ்வரி