சுப்பராயன் நிறுத்திய பக்கம்

ராயபுரம்,
14–3–49

அன்புள்ள சாபிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மாமி சுகமா? பிள்ளைக்கு இருமல் நின்றதா?

எங்கள் படிப்பகத்தில் ஒரு போட்டி. ஆளுக்கொரு நாடகமோ, நாடக நடிகரின் வரலாறோ தேர்ந்தெடுத்து, எல்லோருக்கும் உரக்கப் படிக்க வேண்டும். நான் ஒரு ராஜபார்ட் நடிகரின் வரலாற்றை எடுத்தேன். என்னோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுப்பராயன் புது நாடகம் ஒன்றை எடுத்தான். "இன்னா மாமு, உன் புஸ்தகத்துல ஒரு போலீஸ்கூட இல்லியா?" என்று கேலி செய்தான்.

போன ஞாயிறு அவன் கைதுக் காட்சியைப் படிக்கும்போது நிஜப் போலீஸே வந்தது. யாரோ வேஷம் கட்டி வந்ததாக நினைத்துக் கைதட்டினோம். அவனும் வந்த ஏட்டையாவின் முகத்தைப் பார்த்தே வசனத்தைப் படித்தான். சிரிப்புத்தான், போ. அது சர்க்காரை ஏசும் நாடகமாம்; அவனைக் கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை.

ஒருவர் நிறுத்திய பக்கத்திலிருந்து அடுத்து உட்கார்ந்தவர் தொடர்வது எங்கள் வழக்கம். அடுத்து உட்கார்ந்தவன் நான். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். படிப்பகத்தை நடத்தும் நீலமேகம் விடவில்லை. "வேற கண்ணாடி ஊர்ல கீதா? அத்தாவுல்லா கைல குட்த்தனுப்ப சொல்லு" என்றார்.

அத்தாவுல்லா இந்த வாரம் ஊருக்கு வருகிறான்; வந்து கண்ணாடியைக் கேட்டால், தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. கொஞ்சம் கருவாடும், பிள்ளையின் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்பு. சட்டை எதற்கென்று கேட்காதே.

யாரோ படியேறி வருகிறார்கள். முடிக்கிறேன். கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைக்க வேண்டும்.

சௌக்கத் அலி