கத்தியும் கயிறும்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். வெட்டிக்கொண்டிருந்த தோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போனால், வகுப்பு டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க பொண்ணு தனக்குன்னு ஒரு கத்தி இருக்குன்னு கிளாஸ்ல சொல்லியிருக்கா."

"ஆமா, இருக்கு."

"நிஜக் கத்தியா?"

பொய்க் கத்தியால் தோல் வெட்ட முடியுமா? நான் தோல் பை செய்கிறவள். வீட்டு முன்னறைதான் பட்டறை. என் பெண் சுண்டெலிக்குப் பத்து வயதாகிறது. நான் வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள். துண்டுத் தோலில் பழகட்டும் என்று, அவள் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் மேஜையில், என் கண் முன்னால் மட்டும் என்பது பேச்சு. எல்லாம் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினாரே தவிர, காதில் ஏறவில்லை. "எதுக்கும் யோசிங்க" என்றார். நான் என்ன யோசிக்காமலா கொடுத்தேன்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், இவரும் அதே பாட்டு. பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிற மனிதர். அங்கே இருபதாவது மாடியில் ஊஞ்சல் ஆடுவார். இங்கே நான் வெங்காயம் நறுக்கினாலே, "பாத்து, பாத்து."

ஜூன் 6

கீழ் வீட்டிலிருந்து அண்ணி ஏறி வந்தார். இவருடைய அக்கா.

"பொம்பளப் புள்ள கையில கத்தி எதுக்கு?"

"சமையக்கட்டுல குடுத்தா மட்டும் பரவாயில்லயா அண்ணி?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நாளை வரைக்கும் நிம்மதி.

ஜூன் 12

சுண்டெலி ஒரு பென்சில் பைக்கு முழுசாக வெட்டினாள். வெளியில் சொல்லக் கூடாது, என் கோட்டைவிட நேர்.

ஜூன் 19

வெட்டிக்கொண்டாள்.

எழுதக் கை வரவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு முழம் தள்ளி. அளவுகோல் நழுவியது, கத்தி அதன்மேல் ஏறிவிட்டது. இடது கை ஆள்காட்டி விரல். "அம்மா, ரொம்ப வருது" என்றாள். அழவில்லை. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தசைநார் பாதி அறுந்திருக்கிறதாம். தைத்து, தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். விரல் பழையபடி மடங்கி நிமிருமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார் டாக்டர். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

இவர் ஓடி வந்தார். கட்டுத் துணியில் ரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்ததும் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "இதுல பேஷன்ட் யாரு?" என்றாள் நர்ஸ். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

வாசலில் அண்ணி. "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

கேக்கல அண்ணி. கேக்கல. போதுமா?

ஜூன் 20

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைங்களேன்! இப்படி வாயக் கட்டிக்கிட்டு என் முன்னாடி சாப்பாட்டுத் தட்ட வச்சா, நான் அத என்னன்னு எடுத்துக்கறது?

ஜூலை 1

கத்தியைப் பூட்டி வைத்தேன். எங்கே என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

ஜூலை 25

தகட்டை எடுத்துவிட்டார்கள். விரல் குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது. தினமும் ரப்பர் பந்தை அமுக்கிப் பழக வேண்டுமாம். ஒரு தடவை அமுக்குவாள், அழுவாள், பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவாள். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். மறுபடி உருட்டுவாள். பயிற்சி அவள் விரலுக்கு இல்லை, என் இடுப்புக்கு.

ஆகஸ்ட் 9

பழத்தை எடுத்துக்கொண்டு கீழே போகிறாள், அத்தை நறுக்கித் தர வேண்டுமாம். அண்ணிக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்டைத் திறந்து கத்தியை மேஜையில் வைத்தேன்.

"ஒரே ஒரு கோடு. நானும் கூடப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம்மா."

"இப்ப பயந்தா ஆயுசுக்கும் பயந்துக்கிட்டுதான் இருப்ப."

"வேணாம்னு சொல்றேன்ல!" கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

இத்தனை வாரமாகப் பொத்திவைத்த வாயை இவர் அப்போதுதான் திறந்தார். "குடுத்ததும் நீ, பூட்டுனதும் நீ. அவ பயத்துக்கும் நீயேதான் நாள் குறிக்கணுமா?"

கத்தியை எடுத்து மறுபடி பூட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தோல் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன், வீட்டின் பின்சுவரில் சுண்டெலி தொங்குகிறாள். எங்கள் மாடிச் சமையலறை ஜன்னலுக்கும் மேலே! இடுப்பில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு. மொட்டை மாடியிலிருந்து வருகிறது கயிறு. அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு கீழே சாவகாசமாக நிற்கிறார் இவர்.

"இறக்குங்க! பைத்தியமா உங்களுக்கு? பத்து வயசுப் புள்ளைய!" தொண்டை கிழியக் கத்தினேன். சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்து, அவரும் சேர்ந்து கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது இன்றைக்குத்தான்.

இவர் கண்ணை மேலேயிருந்து எடுக்கவில்லை. "பெல்ட் ரெண்டு, கயிறு ரெண்டு. முடிச்சு ஒவ்வொண்ணும் அவ போட்டா, நான் இழுத்துப் பாத்தேன். நீ கத்தி குடுத்தப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன்ல? இப்ப நீ மூடிக்க."

மேலேயிருந்து ஒரு குரல். "அம்மா, கத்தாதம்மா! எனக்குக் கை நடுங்குது!"

வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். அந்த விரலும் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25

கோபம் இன்னும் ஆறவில்லை. கத்தி எனக்குத் தெரிந்த சமாச்சாரம், அதனால் பயமில்லை. அவருக்குக் கயிறு. இவ்வளவுதானா விஷயம்? அப்படியானால் டீச்சரிடம் நான் அவ்வளவு அளந்தது? நேற்று நான் கத்தினதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. அண்ணிக்குச் சொந்தமானது எல்லாம். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பின்சுவரில் கடைசிப் பகுதி. இவர் மொட்டை மாடியில் முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கீழே பிடிக்க ஆள் வேண்டும். அண்ணியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அவர் அதற்குள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கயிறு என் கைக்கு வந்தது. ஒரு இரும்பு வளையத்தில் சுற்றி வருவதால் எடை தெரியாது என்று இவர் காட்டிக் கொடுத்தார். எடை தெரியவில்லைதான். கை வழுக்கியதெல்லாம் என் வியர்வையில்.

மேல் வரிசையை முடித்துவிட்டுச் சுண்டெலி குனிந்து பார்த்தாள். "அம்மா, அடுத்த வரிசைக்கு இறங்கணும். கயிற விடு."

விட நினைத்தேன். கை கேட்கவில்லை.

"அம்மாவ்! நீ இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா நான் எங்க இறங்கறது?"

இவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு சாண் விட்டேன். இறங்கினாள். இன்னும் ஒரு சாண்.

"இன்னும்மா."

விட்டேன்.

ஜன்னலோரமெல்லாம் திட்டுத் திட்டாக அடித்து வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அதன்மேல் இன்னொரு தடவை அடிக்க வேண்டுமாம். அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டார்கள். கீழே கயிறு பிடிப்பது யார் என்ற பேச்சே வரவில்லை.