முரசு கிழிந்ததால் மூடிக் கிடந்த சுரங்கம்

நேற்று மாலை தம் வீட்டுச் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தபடியே, அதே நொடியில் கடலுக்கு அப்பால் ஆம்பல் தீவின் ஆட்ட மண்டபத்திலும் வீற்றிருந்து, ஒற்றை ஆட்டைக் கொண்டு புலியை மடக்கி, சுக்குக் காப்பி ஆறுமுன் திரும்பி வந்தவரும், மூன்று மன்னர்க்கு முடி சூட்டி அவருள் இருவர்க்குத் தலையும் வாரிவிட்டவரும், பதவி ஓய்ந்த பின்னும் முத்திரையைத் திருப்பித்தர மறந்தவருமாகிய தென்னிலஞ்சி நாட்டு முன்னாள் பேரமைச்சர் நக்கன் சேந்தனார் விடுக்கும் ஓலை.

வீடுதோறும் இணைய வலை நீட்டி, மழை தவறினும் கட்டணம் தவறாது பெறும் முத்துவலைச் சங்கத்துத் தலைவர் ஆதன் கொற்றனார் காண்க. உம் மாளிகை செழிக்க. உம் கம்பங்கள் காற்றில் சாயாதிருக்க. உம் கம்பிகளை அணில் கடியாதிருக்க. உம் குறைதீர் மன்றத்துத் தொலைபேசியை என்றேனும் ஒரு நாள் மனிதர் எவரேனும் எடுத்துப் பேசுக.

மேலே கண்ட முதற் செய்தியை நீர் நம்பமாட்டீர். நம்ப வேண்டா. இவ்வோலையின் கடைசி வரியில் எழுதியிருப்பவர் உம்முடைய ஆளே. அதுவரை பொறுமையாக வாசிக்க. நான் நேற்று பொறுத்ததில் பாதி பொறுத்தால் போதும்.

செய்தி யாதெனில், நமக்கும் ஆம்பல் தீவுக்கும் நடுவேயுள்ள சங்குத் திட்டில் ஒவ்வோர் ஆண்டும் எவர் சங்கு குளிப்பது என்பதை நம் முன்னோர் வாளால் தீர்க்காமல் ஆடுபுலி ஆட்டத்தால் தீர்த்து வந்தனர். ஆடு நமது, புலி அவர்களது. ஆடுபவர் தீவு மண்ணில் இருந்தே காய் நகர்த்த வேண்டும் என்பது மாறா நிபந்தனை. என் முழங்கால்கள் கப்பல் ஏணியைப் பகைத்துக்கொண்ட பின், அத்தீவின் அரசர் பெருந்தன்மையோடு எனக்கென்று வலையில் ஒரு மறைவழிச் சுரங்கம் அமைத்து, இதன் வழியே வருபவர் எம் மண்ணில் நிற்பவராகவே கொள்ளப்படுவார் என்று எழுதியும் கொடுத்தார். இளையோர் இதனை வி.பி.என். என்பர். நம் வீட்டில் நுழைந்து தீவில் தலை நீட்டும் வழி அது. இடையில் எவரும் எட்டிப் பார்க்க இயலாது. உலகின் கண்ணுக்கு நாம் தீவில் இருப்பவராகவே தெரிவோம்.

தீவின் தேர்த்திருவிழா ஓய்வு முடிந்து, ஆட்டத்தின் கடைசி நாள் நேற்று. பொழுது சாய்வதற்குள் ஓர் ஆட்டை ஒரு கட்டம் நகர்த்தினால் கடைசிப் புலி அடைபடும். நகர்த்தாவிடில் திட்டு அவர்களுடையது. நம் சங்கு குளிப்போர் ஓராண்டுக்குப் படகுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான். அக்குளிப்போரின் தலைவர் கடம்பன் விடியும்போதே என் கூடத்துக்கு வந்து தூணில் சாய்ந்துகொண்டார்.

சுரங்கக் கதவின் பெயரைச் சொல்லித் தட்டினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. இல்லையாம்! திருவிழாவுக்கு முந்தைய நாள் வரை நான் போய்வந்த கதவு இல்லையாம்!

உம் குறைதீர் அதிகாரி எயினனாரை அழைத்தேன். காத்திருக்கையில் நீர் வைத்திருக்கும் வீணை இசை எனக்கு மனப்பாடமாயிற்று. எங்கள் தெருக் காகங்களும் அதைப் பாடத் தொடங்கின. இறுதியில் அவர் குரல் கேட்டது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுமாறு பணித்தார். அணைத்துப் போட்டேன். மறுபடியும் என்றார். மறுபடியும் போட்டேன். அதன் விளக்கு மின்னிய மின்னலில், கலங்கரை விளக்கம் என மயங்கி இரு மரக்கலங்கள் என் வாழைத் தோட்டத்தை நோக்கித் திரும்பின. சுரங்கச் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றுமாறு சொன்னார், ஏற்றினேன். கருவியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். எம் சங்கம் எதையும் தடுக்கவில்லை, அமைச்சர் பெருமானே, தீவில் உங்கள் சுரங்கம்தான் இடிந்திருக்கும் என்று முடித்தார். முத்திரை இன்னும் என்னிடம் உண்டு என்று சொல்லி அவரை என் வீட்டுக்கே வரவழைத்தேன்.

அவர் வந்து அமர்ந்தபோது, என் மனையாள் நன்முல்லை மேலைக்கோட்டையில் இருக்கும் தன் தங்கையை அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள். அவ்வூரில் வேறொரு சங்கத்தின் வலை. எங்கள் ஊரிலோ உம்மை விட்டால் கதியில்லை. கதவு இங்கே கல்லுப்போல நிற்கிறது, சாவி கேட்கிறது, அத்தானுக்குத்தான் வயதாகிப் பெயர் மறந்திருக்கும் என்று அந்தப் புண்ணியவதி சொன்னதை, என் மனையாள் தேவைக்கு மேல் உரக்கவே எனக்குத் தெரிவித்தாள். சாவியோ என் கருவிக்குள் மட்டுமே இருப்பது. மேலைக்கோட்டைக்கு வண்டி போய்ச் சேர மறுநாள் ஆகும்.

ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. சுரங்கம் இடியவில்லை. அதன் பெயரை மட்டும் எங்கள் ஊரில் எவரோ விழுங்கிவிட்டார்.

நீர் அறிந்ததே ஆயினும் உம் எயினனார் அறிவதற்காக எழுதுகிறேன். வலையில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல உம் சங்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லி இருக்கிறது, டி.என்.எஸ். என்பது அதுவே. அதனிடம் அரண்மனையைக் கேட்டேன், சொன்னது. எருமைச் சந்தையைக் கேட்டேன், அதையும் சொன்னது. சுரங்கத்தைக் கேட்டால் மட்டும் இல்லை என்றது. சரி போகட்டும் என்று வேற்று நாட்டுப் பெயர்ச்சொல்லி ஒன்றிடம் கேட்குமாறு ரவுட்டரை மாற்றி அமைத்தேன். அதுவும் அதே சொற்களில் அதே பொய்யைச் சொல்லிற்று. உலகமெல்லாம் மறந்துவிட்டது பார்த்தீர்களா என்று எயினனார் மகிழ்ந்தார்.

அப்போதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. எவரும் குடியில்லாத, எந்தப் பெயர்ச்சொல்லியும் இல்லாத வெற்று எண் ஒன்றை நோக்கி அதே கேள்வியை விடுத்தேன். ஆளில்லாத வீட்டிலிருந்து பதில் வருமா? வந்தது, கொற்றனாரே! நான் எங்கே கேட்டாலும் உம் வாயிற்காவலே கேள்வியை நடுவழியில் பிடித்து, குரல் மாற்றிப் பதில் சொல்கிறது. எயினனார் கையிலிருந்த முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகாமலே வைத்துவிட்டார். பின் எழுந்து ஓரமாகச் சென்று உம் தலைமை மாளிகையை அழைத்தார். அவருக்கும் அதே வீணைதான் ஒலித்தது என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

வந்த விளக்கத்தை இங்குப் பொறிக்க என் எழுத்தாணி நாணுகிறது. அரண்மனைக் கணக்கர் தேர்வில் எவரும் வெளியூர் விடையைக் கள்ளமாய்ப் பெறாதிருக்க, எல்லாச் சுரங்கங்களின் பெயரையும் அன்றைக்கு மட்டும் மறைக்குமாறு உம் மாளிகையார் முரசறைந்து ஆணையிட்டனராம். தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் முரசறைந்து போட்ட தடையை முரசறைந்தே எடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தடை போட அறைந்த அறையிலேயே முரசின் தோல் கிழிந்துவிட்டதாம். புதுத்தோல் காய்கிறதாம். காயும்வரை பெயர்ச்சொல்லி பொய்யே சொல்லுமாம்!

இதைக் கேட்ட கடம்பன் தூணை விட்டு எழுந்தார். தோல்தானே வேண்டும், என் முதுகிலிருந்து உரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓராண்டு வெறுமனே கிடக்கப்போகிற முதுகுதானே என்றார்.  வெயில் மதிலிலிருந்து இறங்கிவிட்டது.

நான் பதவியில் இருந்த காலத்தில் வாயிற்காவலர் படிக்கக்கூடாத ஓலையை அரக்கு வைத்துத்தானே அனுப்பினேன் என்ற நினைவு வந்தது. கருவியின் அமைப்புகளைத் துழாவினேன். கேள்வியைத் திறந்த ஓலையாக விடாமல், பூட்டிய உறையில் இட்டு வெளிநாட்டுப் பெயர்ச்சொல்லிக்கு அனுப்பும் வழி ஒன்று அதில் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பினேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத உம் காவல் அதற்கு வழிவிட்டது. உண்மையான எண் வந்தது. கதவு திறந்தது. ஆட்டை நகர்த்தினேன். புலி அடைபட்டது.

தீவின் மண்டபத்தில் கட்டியக்காரர், தென்னிலஞ்சிச் சேந்தனார் நம் மண்ணில் எழுந்தருளியிருக்கிறார் என்று முழங்கி, என் பெயரிட்ட இருக்கைக்கு மாலையும் சூட்டியதை எயினனாரும் திரையில் கண்டார். கடம்பன் விடை பெறவும் மறந்து கடற்கரைக்கு ஓடினார்.

ஆகவே, இவ்வோலை கண்ட அன்றே, முரசு இல்லாவிடில் தாம்பாளத்தைத் தட்டியாவது தடையை நீக்குக. உம் பெயர்ச்சொல்லி அறிந்ததை மறைக்காதிருக்க. பிறர்க்கு விடுத்த கேள்விக்கு அது பதில் சொல்லாதிருக்க. தடை போடும்போது அதை உம் குறைதீர் மன்றத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க. தவறினால், அந்த வீணை இசையைக் காகங்கள் சகிதம் உம் மாளிகை வாயிலில் பாடுவிப்பேன். வலை வழியே முறையிடாமல் ஓலையில் எழுதியது, இதை உம் காவல் நடுவழியில் விழுங்காது என்பதற்காகவே.

ஆனித் திங்கள், முழுநிலாவுக்கு மறுநாள், திருப்பித் தரப்படாத முத்திரை இட்டது. சேந்தன் எழுத்து.

மேற்கண்டவற்றை முதலில் மறுத்து, பின் கூட இருந்து கண்ட முத்துவலைச் சங்கத்துக் குறைதீர் அதிகாரி எயினன் எழுதுவது: மரக்கலங்கள் திரும்பியதை நான் காணவில்லை. காகங்கள் பாடியதையும் கேட்கவில்லை. காப்பியும் சற்று ஆறியே இருந்தது. ஆனால் அமைச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை, தீவிலும் இருந்தார். நடந்தது. இவை என் எழுத்து.