இடப்பக்கப் பெட்டியின் மூடி

தம்பி,

பழைய பைக்கைப் பார்க்க பத்து மணிக்கு ஆள் வருகிறார். சாவி அலமாரியில். ராத்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாய்; சாப்பாடு மூடியிருக்கிறது.

இடப்பக்கப் பெட்டியின் மூடி பைக்கோடு வந்ததல்ல, நீ ஃபைபரில் வார்த்தது என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடு. "யாருக்குப்பா தெரியப்போகுது?" என்றாய். நமக்குத் தெரியும். பொய் சொல்லி விற்ற பேர் இந்த வீட்டுக்கு வேண்டாம். மூடியின் உள்ளே 'புதிது' என்று ஆணியால் கீறியிருக்கிறேன். அதன்மேல் பெயின்ட் அடிக்காதே.

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூட இருந்தால் நானே முந்திக்கொண்டு பேசிவிடுவேன்.

கேட்டுவிட்டு அவர் வேண்டாமென்றால் போகட்டும்.

அப்பா

பி.கு.: இரண்டு பெட்டியையும் குழாயடியில் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்துக் கம்பெனி மூடி ஒழுகுகிறது. உன்னுடையது ஒரு சொட்டு விடவில்லை. அதையும் சொல்.