பெட்டியை மீட்டவரைப் பூட்டி வைத்தது குறித்து

அனுப்புபவர்:
வெ. மொக்கைச்சாமி,
கடலை வியாபாரம்,
பேரையூர், மதுரை ஜில்லா.

பெறுபவர்:
கனம் பொருந்திய ஜில்லா கலெக்டர் துரை அவர்கள் சமூகம்,
மதுரை.

விஷயம்: இன்ஷ்யூர் செய்த மாணவியின் பெட்டி களவு போனது – அதை மீட்டுக் கொடுத்த காவல்காரர் நல்லகாமனை ஸ்டேஷனில் அடைத்தது – அவரை உடனே விடுவிக்கக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. முதலில் வெட்கத்தை விட்டு ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் போலீசார் சொல்லிவிடுவார்கள். சென்ற ஐப்பசியில் வியாபார விஷயமாக மதுரைக்கு வந்தவன் வைகையில் குளித்துக் கரையேறியபோது, கரையில் வைத்த வேட்டியைக் காணோம். மிச்சமிருந்தது இடுப்பில் ஓர் ஈரத்துண்டு. துண்டின் அகலத்தையும் மனுதாரரின் சுற்றளவையும் சமூகத்தில் விவரிப்பது மரியாதையாகாது. அந்தக் கோலத்தில் ஆரப்பாளையம் வரை நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வழி விட்டார்கள். கவர்னர் வந்தால்கூட அப்படியோர் ஒழுங்கு இருந்திராது.

2. நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது. இந்த வைகாசியில் என் மகள் அன்னக்கொடிக்கு மதுரையில் உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்ததும் அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. "கட்டுன வேட்டியக் காப்பாத்தத் தெரியல. இந்த மனுசன் பிள்ளையோட பெட்டி படுக்கையப் பத்திரமாக் கொண்டு போய்ச் சேக்கப் போறாராக்கும்" என்று என் மனையாள், நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துச் சுவரிடம் சொல்லுவாள்.

3. இந்தச் சமயத்தில்தான் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு இன்னாசிமுத்து வந்தார். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. என்மேல் வழக்குப் போட அவர்களுக்கு வேறு காரணங்களே போதும். குடும்பச் சாமானோ மாணவர் சாமானோ, களவு போனாலும் உடைந்தாலும் நஷ்டஈடு உண்டு என்றார். "அண்ணே, ஆயுள் இன்ஷ்யூரன்ஸுன்னா நீங்க போய்ச் சேந்தாத்தான் பணம். இதுல உசுரோட இருந்தே வாங்கலாம்ல?" என்றார். உயிரோடு இருக்கும்போதே ஒரு பிரயோஜனம் என்றதும் கையெழுத்துப் போட்டேன்.

4. அங்கேதான் நான் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இதே சாமான்களுக்கு நஷ்டஈடு தர வேறு யாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று கம்பெனி கேட்டது. ஆம், எங்கள் ஊர்க் காவல்காரர் நல்லகாமன் என்று எழுதினேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அறுவடையில் களத்திலேயே அவர் பங்கை அளந்து விடுவோம். எது காணாமற்போனாலும் அவர் தேடிக் கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். ஒருமுறை என் கிடாரி தொலைந்து, தேடியும் அகப்படவில்லை. மறுநாள் விடியற்காலம் தன் வீட்டுக் கிடாரியை என் கொட்டிலில் கட்டிவிட்டுப் போனார். என் மகள் குடித்து வளர்ந்தது அந்தக் கிடாரி பசுவாகிக் கறந்த பால்தான்.

5. பள்ளி திறந்த அன்று நடந்தது இது. மகளை முன்னால் விடுதிக்கு அனுப்பிவிட்டு, தலைமை அம்மையார் முன் முள்தாடியோடு நிற்கலாகாது என்று ஆரப்பாளையத்தில் ஒரு சவரக் கடையில் சாமானோடு இறங்கினேன். நாட்டு நடப்புப் பேசிக்கொண்டே சவரம் முடிந்தது. வெற்றிலை போடுகிறவர்களை அம்மையாருக்கு ஆகாது என்று கேள்வி. ஆகவே என் வெற்றிலைப் பையை அங்கேயே கைக்கெட்டிய எதிலோ முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, வேறு ஜட்கா பிடித்துப் போனேன். பெட்டி, படுக்கை, கூஜா மூன்றையும் விடுதி வராந்தாவில் என் கையாலேயே இறக்கி வைத்தேன். உள்ளே போய் அம்மையாருக்கு வந்தனம் சொல்லித் திரும்பினால் படுக்கை இருக்கிறது, கூஜா இருக்கிறது, பெட்டியைக் காணோம். மகளின் புடவைகளும் பாடப் புத்தகங்களும் அதில்தான். இதை ஸ்டேஷனில் சத்தியமாகவே சொல்லியிருக்கிறேன். அந்தக் கலவரத்தில் வெற்றிலைப் பையைத் திரும்பிப் போய் வாங்கவும் மறந்தேன்.

6. கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டேன். பொறுப்பாளிகள் இருவர் இருப்பதால் முதலில் மற்றவர் தம் பங்கைச் செலுத்தட்டும் என்று 'மிஸ்டர் நல்லகாமன்' பெயருக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பினார்கள். அவர் வாழ்நாளில் வந்த முதல் தபால் அது. போஸ்டு மாஸ்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மதுரை நம்ம எல்லையில்லதான். ஆனா கம்பெனிக்காரனே எம் பேரப் போட்டுக் கேட்டுட்டான். இனி அண்ணன் பெட்டி என் பெட்டி" என்று பஸ் ஏறினார். மறுநாளே பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு விடுதி வாசலுக்கு வந்தார்.

7. வாசலில் விசாரணைக்கு வந்திருந்த போலீசார் பெட்டியையும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். எடுத்தவன் பெயரைச் சொல், சொல்லாவிட்டால் எடுத்தவன் நீதான் என்கிறார் இன்ஸ்பெக்டர். காய்ச்சலைத் தீர்த்த டாக்டரைப் பிடித்து, காய்ச்சலை நீதான் கொண்டுவந்தாய் என்றால் ஜில்லாவில் ஒரு டாக்டர் மிஞ்சுவாரா? பொருளைக் கொண்டுவந்தபின் ஆளைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது காவல்காரரின் முறை. நான் போய்க் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சினேன். "சாமான் வந்துருச்சுல்ல அண்ணே? ஆளக் கேக்காதீக. சொன்னா ஒருத்தர் மானம் போயிரும்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பாராமல் கூரையைப் பார்த்தார். எம்புட்டுப் பெருந்தன்மை என்று நான் கண்ணீர் விட்டேன். யாரோ ஒரு மூடனுக்காக இவர் ஏன் கம்பி எண்ண வேண்டும் என்று அந்த மூடனை வாயாரத் திட்டியும் தீர்த்தேன். அவர் லேசாக இருமினார்.

8. இனி அவசரத்தைச் சொல்லுகிறேன். நல்லகாமனின் ஒரே மகள் தங்கப்பொண்ணுக்கு இந்த ஆனிக் கடைசியில் கல்யாணம். தகப்பன் ஸ்டேஷனில் இருக்கும் வீட்டில் எங்கள் பையன் தாலி கட்டமாட்டான் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். பந்தலுக்கு வெட்டிய கம்புகள் வாசலில் சாய்த்தபடி கிடக்கின்றன. அவர் மனைவி முத்துத்தாய் கஞ்சிக் கலயத்தோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டதும், "உங்க பிள்ளை பெட்டி வந்துருச்சுண்ணே. எம் பிள்ளைக்கு அப்பன் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். வாய் ஓயாத மனுதாரர் அங்கிருந்து நேரே போய் இந்த மனுவுக்குத் தாள் வாங்கினார்.

9. ஆகவே சமூகத்தை நான் வேண்டுவது ஒன்றே. கம்பெனி எனக்கு எதுவும் தர வேண்டாம். திருடனைப் பிடிக்கவும் வேண்டாம். நல்லகாமனைக் கல்யாணத்துக்கு முன் குற்றமில்லாதவராக விடுவித்து, அந்த உத்தரவை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டும்படி ஒரு பிரதி கொடுத்தருள வேண்டும். அவர் சார்பில் எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கூண்டிலும் ஏறிச் சாட்சி சொல்ல நான் தயார்; இம்முறை முழு வேட்டியோடு வருவேன்.

மதுரை,
1938 ஜூன் 28.

இப்படிக்குத் தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,
வெ. மொக்கைச்சாமி.

பின்குறிப்பு: மேற்படி மனுவை எழுதி முடித்த பிறகு, மகளின் படிப்பை உத்தேசித்துப் பெட்டியை ஸ்டேஷனில் என்னிடம் ஒப்படைத்தார்கள். அதன் கைப்பிடியில் ஒரு வெற்றிலைப் பை கட்டியிருக்கிறது. நல்லகாமனுடையது என்று போலீசார் குறித்திருக்கிறார்கள், அவரும் மறுக்கவில்லையாம். நல்லகாமனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. முடிச்சு சவரக் கடையில் நான் போட்டது.